இவரை இழந்துவிடாதீர்கள்

மருந்துக் கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது. அவ்வளவுதான் கோளாறு. முருகதாஸ் அதைச் சரிசெய்ய வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது லேப், எக்ஸ்ரே, டோக்கன் போர்டு எல்லாமே மெதுவாக ஓடின.

தோவாளைப் பக்கம் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரிதான் முருகதாஸின் கம்பெனிக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கை. ஒரு காலத்தில் மாவட்டத்தில் எந்தக் காலேஜுக்குப் போனாலும், எந்த ஆலைக்குப் போனாலும், சுவரில் அவர்களுடைய நெட்வொர்க் பெட்டிதான் மினுக்கும். பிறகு கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. அதை இன்னும் பெரியது வாங்கியது. அதையும் வேறொன்று விழுங்கியது. ஒவ்வொரு தடவையும் போர்டு மாறியது, கழுத்துப்பட்டையின் நிறம் மாறியது, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதலில் போனவர் ஞானம். அவர் மாட்டிய பெட்டி எதுவும் கெட்டதில்லை. ஆகவே அவர் சரிசெய்த புகார் என்று ஒன்றுகூடப் பதிவில் இல்லை. வேலையே செய்யாத மனுஷன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். என்ன நியாயமோ! அவர் பூச்சந்தைப் பக்கத்தில் சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டார்.

முருகதாஸ் மட்டும் மூன்று தடவையும் தப்பினார். முதல் தடவை, அவர் சரிசெய்ததாகப் பதிவில் குவிந்திருந்த புகார்கள் காப்பாற்றின. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய பாராட்டுக் கடிதங்கள்தான் காரணம். ‘இவரை எக்காரணம் கொண்டும் இழந்துவிடாதீர்கள்’ என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். காலேஜும் முந்திரி ஆலையும் ஞானத்தின் பக்கம் போயின. போகும்போதுகூட முருகதாஸைப் பாராட்டிவிட்டே போயின. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு.

ஆனால் போன வாரம் மேனேஜர் சொல்லிவிட்டார்: இந்த ஆஸ்பத்திரியும் போனால் அடுத்த பட்டியலில் முதல் பெயர் உன்னுடையதுதான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஐம்பது வயதுக்காரனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

முருகதாஸ் மெயின் பெட்டியை நிறுத்திப் போட்டார். அது பழைய செட்டிங் முழுவதையும் மறந்துவிட்டு எழுந்தது. எக்ஸ்ரே நின்றது. பக்கத்தில் ஒரு கேபிள் சும்மா தொங்கியது. சும்மா தொங்குவானேன் என்று அதைக் காலியாயிருந்த ஓட்டையில் செருகினார். அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. பெட்டி தன்னோடு தானே பேச ஆரம்பித்து, வேறு யாருடனும் பேச மறுத்தது. டோக்கன் போர்டு முப்பத்தேழிலேயே நின்றது. வராந்தாவில் சத்தம் கிளம்பியது.

வேறு வழியில்லாமல் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார். பெங்களூர் சென்டரை மூடிவிட்டார்களாம். புனேக்கு மாற்றினார்கள். புனேக்காரரும் போன வாரத்தோடு போய்விட்டாராம். ‘உங்கள் பகுதி நிபுணருக்கு இணைக்கிறோம்’ என்றது பதிவுக்குரல். முருகதாஸின் சட்டைப்பையில், கம்பெனி கொடுத்திருந்த இன்னொரு போன் அடித்தது.

இரண்டு போனிலும் அழைப்பைத் துண்டித்தார். பிறகு மானத்தை விட்டு ஞானத்தைக் கூப்பிட்டார்.

ஞானம் பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்தார். ரிசப்ஷனில் சபிதாவிடம் ஒரு கவரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, அந்தக் கேபிளை உருவினார். லேப்டாப்பில் ஏதோ தட்டினார். டோக்கன் முப்பத்தெட்டு ஆனது.

“ஒண்ணும் நெனைக்காத மக்கா. பழைய பெட்டியில்லியா, நீ என்ன செய்வ?”

முருகதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மனுஷனையா அனுப்பினார்கள்!

நிர்வாக அதிகாரி நாராயணபெருமாள் ஞானத்தை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த மாதம் முதல் ஆஸ்பத்திரியும் ஞானத்தின் கம்பெனிக்குத்தான்.

முருகதாஸ் தளர்ந்துபோய் ரிசப்ஷனுக்கு வந்தார்.

“சபிதா, போறது போவட்டு. என்னப் பத்தி ஒரு லெட்டர் மட்டும் தந்தா எனக்க வேலை நிக்கும். சார்கிட்ட கேட்டுப் பாப்பியா?”

சபிதா கவரை நீட்டினாள். டைப் அடித்து, சீல் வைத்து, இன்றைய தேதியோடு கடிதம் தயாராக இருந்தது. ‘இவரை எக்காரணம் கொண்டும் இழந்துவிடாதீர்கள்.’

“இத எப்பம் அடிச்சிய?”

“நாங்க சீல் மட்டுந்தான் சார் வச்சோம். எல்லா எடத்துக்கும் ஞானம் சாராக்கும் எழுதிக் குடுக்கது. நீங்க அந்தக் கம்பெனியில இருக்கது வரைக்கும் அவருக்கு யாவாரத்துக்குக் கொறவே வராதாம்.”