மஞ்சள் படிகத்துக்கு ஒரு சிபாரிசு

திருத்துறைப்பூண்டி வட்டம்,
8.2.2009

மதிப்பிற்குரிய பேராசிரியர் மங்களாம்பிகை அம்மா அவர்களுக்கு, தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் செம்மொழியின் தகப்பன் இராஜாங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் சம்சாரம் அம்சவல்லியும் நலம். சம்பா அறுப்பு நடக்கிறது. அங்கு தாங்களும் தங்கள் கம்ப்யூட்டர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அம்மா, பொண்ணு செய்யும் ஆராய்ச்சி எனக்கு அத்துப்படி. ஒரு படிகம். கண்ணால் பார்த்தால் எலுமிச்சம்பழ மஞ்சள். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் கன்னங்கரேல் என்று வருகிறது. எலெக்ட்ரான் தாவ வேண்டிய இடைவெளியைக் கணக்கு குறைத்துக் காட்டுகிறதாம், அதனால் வருகிற வெளிச்சத்தையெல்லாம் படிகம் விழுங்கிவிடுகிறதாம். நிஜத்தில் எலெக்ட்ரான் தனியாகப் போவதில்லை, சுற்றியிருப்பதையும் அசைத்து இழுத்துக்கொண்டு போகிறது. நடவு வயலில் காலைத் தூக்கினால் வெறும் காலா வரும்? சேறும் சேர்ந்துதானே வரும்! அந்தச் சேற்றுக்காலைத்தான் நீங்கள் குவாசிபார்ட்டிகிள் என்கிறீர்கள். அதற்கான திருத்தத்தைப் போட்டால் இடைவெளி விரியும், மஞ்சள் வந்துவிடும். இதை டீக்கடையில் அரைமணி நேரம் விளக்கினேன், ஒருத்தர் எழுந்து போகவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். மார்ச்சில் பட்டம் என்று அவள் சொன்னதை நம்பி, பஸ் ஸ்டாப்பில் 'முனைவர் செம்மொழி' என்று பன்னிரண்டடிக்கு பேனர் கட்டிவிட்டோம். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் துரைராசு உபயம் என்பதால் அவன் படம் பெரிதாகவும் அவள் படம் ஸ்டாம்பு சைசிலும் இருக்கிறது, போகட்டும். எங்கப்பா கூலிக்கு அறுத்த வயலுக்கு எதிரேதான் அது நிற்கிறது. தினம் வேண்டுமென்றே அந்தப் பக்கமாக சைக்கிளில் போய் வருகிறேன், நெஞ்சு நிமிர்ந்துபோகிறது. இந்த நேரத்தில் பொண்ணு போன் போட்டு அழுகிறாள். "அப்பா, எலெக்ட்ரான் தாவிப் போற மேல் நிலை எல்லாத்தையும் ஒரே அளவு மேல தள்ளுனா மஞ்சள் வந்துரும். ஆனா மேடம் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியா திருத்தம் கணக்குப் போடணுமாம், இன்னும் எட்டு மாசம் ஆகும்" என்கிறாள். பேனர் எட்டு மாசம் வெயில் தாங்குமா அம்மா?

திருத்தத்தில் எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்ப்பவன் நான். ஈரம் பதினேழு சதத்துக்கு மேல் போனால் வாங்கக்கூடாது. எங்கள் மெஷினோ ஈரத்தைக் குறைத்துக் காட்டும், உங்கள் கம்ப்யூட்டர் மாதிரியே. நான் ஒரே முடிவாக எல்லாவற்றுக்கும் ரெண்டு கூட்டிவிடுவேன். நேற்றுகூட எங்கள் ஊர் விவசாயி நல்லக்கண்ணு கொண்டுவந்த நெல் பதினாறு காட்டியது. "பதினெட்டு, கொண்டுபோய்க் காயப் போடு" என்றேன். "அண்ணே, பல்லுல கடிச்சுப் பாருங்க, படக்குனு ஒடையுது!" என்று சண்டைக்கு வந்தான். நான் அசைந்து கொடுக்கவில்லை. ஆகவே என் அனுபவத்தை மதித்து, மொத்தமாக ஒரு தள்ளு தள்ளி, மார்ச்சுக்குள் பட்டம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் குடும்பத்தோடு நூறாண்டு நல்லா இருக்கணும். அம்சவல்லி வணக்கம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
முனைவரின் தகப்பன்
இராஜாங்கம்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் நல்லக்கண்ணு வந்துவிட்டான். வீம்புக்கு அவன் நெல்லில் ஒரு கை, நான் போன வாரம் வாங்கிப் போட்ட ஈர மூட்டையில் ஒரு கை அள்ளிப்போய், டவுன் லேபில் சூட்டில் காயவைத்து எடை பார்த்து சீட்டோடு வந்து நிற்கிறான். அவனுடையது பதினாறரைதான். மெஷின் பதினைந்து காட்டி, நான் ரெண்டு கூட்டிப் பதினேழு என்று வாங்கியது நிஜத்தில் இருபது! மெஷின் குறைத்துக் காட்டியது காய்ந்ததற்கு அரை, ஈரத்துக்கு அஞ்சு. இருபத்திரண்டு வருஷமாகக் காய்ந்த நெல்லைத் திருப்பி அனுப்பி, ஈரத்தை உள்ளே விட்டிருக்கிறேன். "ஒவ்வொண்ணுக்கும் திருத்தம் வேற வேறன்னு இதத்தானங்க நம்ம பொண்ணும் போன்ல சொல்லிச்சு" என்றாள் அம்சவல்லி. நல்லக்கண்ணு கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன், முதல் ஆளாக அவன் நெல்லைத்தான் இன்று எடுத்தோம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாசமல்ல, ரெண்டு வருஷம் ஆனாலும் ஒவ்வொன்றாகவே போடட்டும், என் பொண்ணு போடுவாள். பேனரில் முனைவருக்கு முன்னால் 'வருங்கால' என்று ஒட்டியாகிவிட்டது. இடம் போதாததால் துரைராசு முகத்தின் மேல்தான் ஒட்ட வேண்டியதாயிற்று.