பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இருக்கா?

அந்தத் தெருவில் அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் 'சிரிக்காதீங்க'. போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணங்களுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்ட ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆல்பம் முழுக்க, திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் பாஸ்போர்ட், விசா என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்த நாட்டுக்குக் காது தெரிய வேண்டும், எந்த நாடு வெள்ளைச் சுவர் கேட்கும், எந்த நாடு நெற்றியில் ஒரு முடி விழுந்தாலும் திருப்பி அனுப்பும், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஸ்டூலில் யார் வந்து உட்கார்ந்தாலும் மூன்றே வசனம்தான். "சிரிக்காதீங்க." "கண்ணாடியைக் கழட்டுங்க." க்ளிக் ஆனதும், "பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இருக்கா?"

ஊர் திரும்பும் தேதிக்கு அப்புறமும் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் உயிர் இருந்தால்தான் பல நாடுகள் உள்ளே விடும். இது தெரியாமல் ஏர்போர்ட்டில் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதவர்கள் கதையை அவர் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே சொல்வார். ஒரு தடவை அவசரத்தில் 'பாஸ்போர்ட்'டை விழுங்கிவிட்டு, மேடிட்ட வயிற்றோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், "ஆறு மாசம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். "எட்டு முடியப் போகுது," என்றார் கூட வந்த மாமியார்.

அதே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவர் மனைவி உட்கார்ந்து போட்டோக்களை அச்சடித்து, வெட்டி, கவரில் போட்டுக் கொடுப்பாள். அவர் பேசுவார், அவள் வெட்டுவாள். வீட்டிலும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கட்டரைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, தங்கச்சி போன் பண்ணா. ரெண்டு பேரும் வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கன்னு ஒரே பிடிவாதம்."

"எங்க?"

"எங்கயா? அவ வீட்டுக்குத்தான். வெளிநாட்டுக்கு."

"அங்க அவ மட்டும்தான் இருக்காளா?"

"அவ புருஷனும்தான் இருக்காரு. பின்ன அவரு எங்க போவாரு?"

இவருக்கும் அதேதான் கவலை.

மச்சினியின் புருஷன், அதாவது சகலை, கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு விலகிவிடலாம். அவர் உதவி செய்கிறவர். வெளிநாடு போனதிலிருந்து அவருடைய எல்லா வாக்கியமும் 'அங்கெல்லாம்' என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் இவர் மனசுக்குள் அவருக்கு வைத்த பெயரும் 'அங்கெல்லாம்'. போன தடவை இரண்டே நாள் தங்கினார். முதல் நாள், "அங்கெல்லாம் குழாய் இப்படிச் சொட்டாது சகலை," என்று குழாயைக் கழற்றினார். அதுவரை சொட்டிக்கொண்டிருந்த குழாய் அதன்பிறகு கொட்டியது. இரண்டாம் நாள் விடியும் முன்னே எழுப்பி, "அங்கெல்லாம் இந்நேரம் ஓடிக்கிட்டிருப்பாங்க," என்று தெருவைச் சுற்றி ஓடவிட்டார். கடைசியில் ஸ்டூடியோவுக்கு வந்து, முப்பது வருஷமாகப் படம் பிடிக்கிறவருக்கு, கேமராவை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தார். நம் ஊரிலேயே இப்படி என்றால் அவர் ஊரில் எப்படி இருக்கும்? நினைக்கும்போதே இவருக்கு முட்டி வலித்தது.

ஆனால் மனைவியிடம் 'மாட்டேன்' என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இந்த வயதில் புதுப் பழக்கம் எதற்கு?

அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் வாயெல்லாம் பல். நேரே பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரிடம் ஓடினார்.

"யோவ், என் பாஸ்போர்ட் சீக்கிரமே காலாவதி ஆகப் போகுது!"

"அடப்பாவமே. அதுக்கு ஏன்யா இப்படிக் குதிக்கிற?"

"ஆறு மாசம் இல்லய்யா! விசா கிடைக்காது. நான் மாட்டேன்னு சொல்லவே வேணாம். அந்த நாடே சொல்லிடும்."

"சரி, உடனே புதுப்பிக்கச் சொல்ல மாட்டாங்களா உன் வீட்டுல?"

"தெரிஞ்சாத்தானே? கவுன்டர்ல போய் நிக்கிற வரைக்கும் மூச்சு விட மாட்டேன். அப்புறம் புதுப்பிச்சு, மறுபடி விசாவுக்குப் போட்டு... அதுக்குள்ள மச்சினிக்கு லீவே முடிஞ்சிடும்."

"உன் வீட்டம்மா பாஸ்போர்ட்டைத் திறந்து பாக்க மாட்டாங்களா?"

"பாப்பா. பாத்தா போட்டோவைத்தான் பாப்பா. இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன், பாஸ்போர்ட்டைத் திறக்கிற எவனும் தேதியைப் பாக்க மாட்டான். 'இது நானா'ன்னு மூஞ்சியைப் பாத்து வருத்தப்பட்டுட்டு மூடிடுவான்."

ஜெராக்ஸ்காரர் தன் பாஸ்போர்ட்டை நினைத்துப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் விசாவுக்குப் போட்டோ. முதலில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சிரிக்காதே. கண்ணாடியைக் கழட்டு." க்ளிக். "ஆச்சு, எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. "அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்க வேண்டாமா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேற என்ன? ம்... சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்று எழுந்துகொண்டாள்.

அடுத்து அவர் உட்கார்ந்தார், அவள் கேமராவைப் பிடித்தாள். இங்கேதான் சிக்கல். வாழ்நாள் முழுக்க ஊரையே சிரிக்கவிடாத மனிதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டத்தை நினைக்க நினைக்க உதடு தானாகக் காதை நோக்கிப் போனது.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலையே."

"பல்லு தெரியுது. பல்லுக்கா விசா கேக்கறோம்?"

இரண்டு கையாலும் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்தில் அடங்கிய சிரிப்பு கண் வழியாக வந்தது. அவள் நான்கைந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, கேமராவுக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னாள்: "நம்மள ஏர்போர்ட்ல வந்து கூட்டிட்டுப் போறது உங்க சகலைதானாம்."

மூஞ்சி சட்டென்று விழுந்தது. க்ளிக். அவ்வளவு உத்தமமான விசா போட்டோ அந்த ஸ்டூடியோவில் அதுவரை எடுக்கப்பட்டதே இல்லை.

விசா ஆபீஸில் குளிர்சாதனம் பல்லைக் கிட்ட வைத்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் நகல், திரும்பி வருவோம் என்பதற்குச் சாட்சியாகக் கடையின் உரிமம் என்று எல்லாவற்றையும் அவள் அடுக்கி எடுத்து வந்திருந்தாள். கவுன்டர் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "போட்டோ ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றாள். அவருக்குத் தொழில் பெருமையில் ஒரு நிமிஷம் வந்த வேலையே மறந்துவிட்டது. அப்புறம் அவள் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"மேடத்தோடது சரியா இருக்கு. சார், உங்க பாஸ்போர்ட்ல ஆறு மாசம் இல்லையே?"

"என்னது!" என்று நெஞ்சில் கை வைத்தார். நடிப்பு கொஞ்சம் தூக்கலாகப் போய், பக்கத்து வரிசைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"புதுப்பிச்சுட்டுத்தான் சார் விண்ணப்பிக்கணும். இப்ப மேடத்தோடதை மட்டும்தான் வாங்க முடியும்."

மனைவி கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், அக்கா தங்கை பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! அந்த இரக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு யோசனையும் உள்ளே நுழைந்தது. இவள் மட்டும் போனால்? ஒரு மாசம். தனி வீடு. ரிமோட் அவர் கையில். மின்விசிறி அவர் வைத்த வேகத்தில். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடலாம். போட்டுவிட்டு அங்கேயே விட்டுவிடவும் செய்யலாம்.

"ஏம்மா, அழாதே. நீ மட்டும் போயிட்டு வா."

கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நீங்க இல்லாம நான் எப்படிங்க..."

"எனக்காக உன் ஆசையைக் கெடுத்துக்காதே. நான் சமாளிச்சுக்குவேன்."

"ஒரு மாசம் தனியா இருப்பீங்களா? கஷ்டமாச்சே."

"என்ன கஷ்டம் வந்தாலும் தாங்கிக்குவேன். இது என்மேல சத்தியம்!"

வரிசையில் நின்றவர்கள் நெகிழ்ந்து போனார்கள். "குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க," என்றாள் கவுன்டர் பெண். கைக்குட்டை இன்னும் பலமாகக் குலுங்கியது.

விசா வந்தது. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கிளம்பும் நாள் காலையில் அவர் பெட்டியைத் தானே தூக்கி வாசலில் வைத்தார். வாடகைக் காருக்குத் தானே போன் செய்தார். விசில் வேறு. உள்ளே வந்து பார்த்தால், அவள் சின்ன அறையில் மடக்குக் கட்டிலை விரித்து, புது உறை போட்ட தலையணையைத் தட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா இது?"

"உங்க சகலைக்கு."

விசில் பாதியில் நின்றது.

"அவரு... அவரு அங்கதானே இருக்காரு?"

"நாளைக்கு இங்க இருப்பாரு. ஒரு மாசம் லீவு போட்டுட்டாரு. நீங்க தனியாக் கஷ்டப்படுவீங்கன்னு சொன்னேன், துடிச்சுப் போயிட்டாரு மனுஷன். குழாய் சாமானெல்லாம் அங்கிருந்தே வாங்கிட்டு வர்றாராம்."

அவர் மடக்குக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டில் பாதி மடங்கியது.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"நான் என்னங்க பண்ணேன்? வருஷக்கணக்கா உங்க பக்கத்துல உக்காந்து போட்டோ வெட்டறேன். வர்றவங்க எல்லார்கிட்டயும் ஆறு மாசம் இருக்கான்னு கேக்கறீங்க. எங்கிட்ட மட்டும் சாப்பிட்டியான்னு கேட்டீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்காத கேள்வி. அன்னைக்கே வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து உங்க பாஸ்போர்ட்டைப் பாத்துட்டேன்."

"பாத்தியா? அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

அவர் எழுந்து, மடங்கிய கட்டிலை நிமிர்த்தி வைத்தார்.

"தங்கச்சியும் பாவம்தானே," என்று அவள் தலையணையைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினாள். "அவளும் ஒரு மாசம் காலைல ஓடாம, நிம்மதியாத் தூங்கட்டும். ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம்."

வெளியே கார் ஹாரன் அடித்தது. மூழ்கப் போகிறவர் மாதிரி அவர் கடைசியாக ஒன்றைப் பிடித்துப் பார்த்தார்.

"இரும்மா, இரு. அவ்வளவு சுலபமா ஒரு நாட்டுக்குள்ள வந்துட முடியாது. சட்டதிட்டமெல்லாம் இருக்கு. அவருக்கு விசா?"

"சொந்த நாட்டுக்கு வர எதுக்குங்க விசா?"

முப்பது வருஷப் பழக்கத்தில், அவர் உதடு தானாகவே அசைந்தது.

"பாஸ்போர்ட்ல... ஆறு மாசம் இருக்கா?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பத்து வருஷம் இருக்கு. போன மாசம்தான் புதுப்பிச்சாராம். நான் முதல்ல கேட்டதே அதைத்தான்."