மூன்றாம் மாடிக்காரரை நகர்த்தியவள்

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே அண்ணன், மைக்செட் வாடகைக்கு விடுபவன், வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும், என்னிடம் தங்கிப் படிக்கும் உங்கள் மகளும், என் ஸ்பீக்கர்களும் சுகம். ஒரு ஸ்பீக்கர் மட்டும் கரகரக்கிறது. அங்கு உங்கள் சுகத்தையும் தங்கச்சியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும்.

எடுத்த எடுப்பில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பாப்பா பிறந்ததும் அழாமல் எல்லாரையும் முறைத்துப் பார்த்ததே, அப்போதே நர்ஸம்மாவிடம், "இது ஒரு நாள் நாலு பேரை உக்கார வச்சுப் பேசப்போகுது, பாருங்க" என்றேன். நீங்கள் டீ வாங்கப் போயிருந்ததால் உங்கள் காதில் விழவில்லை. இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் "அது வந்து மாப்பிள்ளை" என்றதுமே நீங்கள் போனைத் தங்கச்சி கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் நடக்கிற தலைமைப் பயிற்சியில் பாப்பாவைப் பெரிய முகாமுக்குப் பொறுக்கியிருக்கிறார்கள், அப்பா சம்மதித்தால்தான் போக முடியும், நீங்களோ, "வாயத் திறக்காத பொண்ணு அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போகுது? படிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இரண்டாம் முறை போட்டதுதான் இறங்கியது.

நீங்கள் சொன்னதிலும் தப்பில்லை. கடையில் பென்சில் கேட்கப் போய், கடைக்காரர் ரப்பரை எடுத்துக் கொடுக்க, இல்லை என்று சொல்ல நா எழாமல் ரப்பரோடு வீட்டுக்கு வந்த பிள்ளை அது. எங்கள் வீட்டில் இப்போதும் ஒரு டப்பா நிறைய ரப்பர் இருக்கிறது. பயிற்சி என்றதும் நான் கூடத்தில் மைக்கை நட்டு, "பேசு பாப்பா" என்றேன். "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டாள். முதல் சனிக்கிழமை வந்ததும், "என்ன கத்துக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். "அடுத்தவங்க பேசி முடிக்கற வரைக்கும் காத்திருக்கணும் மாமா" என்றாள். இதற்கு ஒரு வகுப்பா என்று நான் ஆரம்பித்து, என் பத்தாவது வயதிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். முடிக்கும்வரை காத்திருந்தாள், மாப்பிள்ளை. என் வாழ்க்கையில் அப்படிக் காத்திருந்தவர் வேறு யாரும் கிடையாது.

அப்புறம் வந்தது, முகாமுக்கு ஆள் பொறுக்கும் பரீட்சை. அவரவர் குடியிருக்கும் இடத்தில் ஒரு தொல்லையைத் தீர்த்துவிட்டு வரவேண்டும். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கால் முறிந்து சக்கர நாற்காலி ஆகிவிட்டது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு சாமான் வண்டி நிற்பதால் அந்தம்மா தெருவைப் பார்த்தே நாளாகிறது. வண்டி மூன்றாம் மாடிக்காரருடையது. ஆள் பார்க்க லட்சணம், வெண்கலக் குரல், தொழிலில் புலி, கொஞ்சம் பிடிவாதம். கனமான சாமான் ஏற்றுகிறவர், வண்டி வாசலில் நின்றால்தான் இடுப்பு தாங்கும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

பாப்பா எல்லாரையும் கீழே கூட்டினாள். நான் மைக்கோடு இறங்கினேன். "மைக் வேணாம் மாமா. மைக் இருந்தா ஒருத்தர்தான் பேசுவாங்க" என்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். இந்த யோசனை நான் சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். மூன்றாம் மாடிக்காரர் எழுந்து நின்று இடுப்பின் சரித்திரத்தை விரித்தார். பாப்பா முழுசாகக் கேட்டாள். பிறகு, "நீங்க சொல்றது சரிதான். ஒரு தடவ இந்தச் சக்கர நாற்காலியில உக்காந்து கேட் வரைக்கும் போய்ட்டு வாங்க, மிச்சத்தையும் கேக்கறோம்" என்றாள்.

தையல்காரம்மாவை வேறு நாற்காலிக்கு மாற்றியதும் மனுஷன் வீறாப்பாக உட்கார்ந்து தள்ளிக்கொண்டு போய், தன் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே அடித்த ஆப்பு மாதிரி நின்றுவிட்டார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. "யாராச்சும் இழுங்கப்பா" என்றார். இழுக்க ஓடியவர்களைப் பாப்பா நிறுத்தி, "இருங்க, அவரு பேசி முடிக்கட்டும்" என்றாள். தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட காலே ஆடியது. அவர் சக்கரத்தை இன்னொரு தடவை உருட்டிப் பார்த்தார். கடைசியில் தணிந்த குரலில், "வண்டிய எங்கம்மா விடறது?" என்றார்.

"தெருக்கோடி அச்சகத்துக்காரர்கிட்ட கேட்டுட்டேன். அவரு ஷெட்டுல இடம் இருக்காம்."

கேட்டுவிட்டாளாம், மாப்பிள்ளை. பென்சில் கேட்கத் தெரியாத பிள்ளை, முன்பின் பேசியிராத மனுஷரிடம் தனியாகப் போய் ஷெட்டையே கேட்டு வாங்கி வந்திருக்கிறது. எட்டாவதை இரண்டு தடவை படித்தவன் நான், அதனால் என் கணக்குப்படி ஒன்பதாவது முடித்தவன். அந்தப் படிப்பை வைத்துச் சொல்கிறேன், இது புத்தகத்தில் கிடைக்காது. இப்போது தையல்காரம்மா கேட்டருகே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் ரவிக்கைத் தையலில் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாப்பாவை முகாமுக்கு அனுப்புங்கள்.

தங்கச்சிக்கு என் ஆசி, உங்களுக்கு என் பணிவு, பக்கத்து வீட்டாருக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் முன்பே சொன்ன மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தைப் பாப்பா வாங்கிப் படித்தாள். "நல்லாருக்கு மாமா. ஆனா உள்ளதை எழுதுங்க. இல்லன்னா அப்பாவே சரின்னு சொன்னாலும் நான் போகமாட்டேன்" என்கிறாள். ஆகையால் எழுதுகிறேன். எங்கள் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். அந்த வண்டியில் ஏறுகிற கனமான சாமான் ஸ்பீக்கர். ஒரு ஸ்பீக்கர் கரகரப்பது, அச்சகத்திலிருந்து தோளில் தூக்கி வரும்போது கீழே போட்டதால். என்னையே வாயடைக்க வைத்தவளிடம் நீங்கள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பீர்கள் என்று தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவளே உங்களிடம் பேசுவாள். போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடாதீர்கள்.