என் இரண்டு நாத்தனார்களையும் பிரித்துத் தரவும்

மரியாதைக்குரிய எடிட்டர் தம்பிக்கு,

தன் வாழ்க்கைக் கதையை உங்களிடம் திருத்தக் கொடுத்த பாட்டி எழுதிக்கொள்வது. உட்கார்ந்தால் யாரும் கை கொடுக்காமல் எழுந்திருக்க முடிகிறது, அந்த அளவுக்கு இங்கே நலம். நாள் முழுக்க அடுத்தவர் கதையைப் படிக்கிற உங்கள் கண்ணும் கழுத்தும் நலமாக இருக்கின்றனவா? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். இனி விஷயத்துக்கு வருகிறேன். கை வலிக்கிறது, அதனால் எதையும் ஒரு தடவைதான் சொல்வேன்.

நீங்கள் திருத்தி அனுப்பிய கட்டு போன வாரம் கூரியரில் வந்தது. நான் கொடுத்தபோது நல்ல சதைப்பிடிப்பாக இருந்தது, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி திரும்பி வந்திருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும், இதையே தொழிலாகச் செய்கிறவர் ஒருத்தர் பார்த்தால் நல்லது என்றுதான் பேத்தி உங்களிடம் கொடுக்கச் சொன்னாள். ரவிக்கைக்கு ஒரு கொக்கி வைக்கச் சொல்லி தையற்காரரிடம் கொடுத்தால், அவர் கழுத்தை இறக்கி, கையை வெட்டி, இதுதான் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது எனக்கு. முதல் பக்கத்தில் மழை பெய்கிறது. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கு மழை இல்லை தம்பி. மொட்டைமாடியில் மாமியாரின் போர்வை காய்ந்துகொண்டிருந்தது, ஒரு மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டையோடு. மூன்றாம் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று எதிர்காலத்தைப் பற்றி நாலு வரி பேசுகிறார். அந்த மனிதர் இருந்தவரைக்கும் சேர்ந்தாற்போல் நாலு வரி பேசியதில்லை. “ம்” என்பார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் “சரி” என்பார். போன பிறகாவது இவ்வளவு பேசக் கற்றுக்கொண்டாரே என்று எனக்கும் கொஞ்சம் ஆசையாக இருந்தது, அதனால் அதை விட்டுவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ‘இந்த இடத்தில் உங்கள் மனம் என்ன நினைத்தது?’ என்று சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டுக்கே சமைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் கேட்கிறீர்கள். அடுப்பை அணைத்தோமா என்று நினைத்தது, வேறென்ன நினைக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்த வயதில் சண்டை போட்டால் மூச்சு வாங்குகிறது.

பொறுக்க முடியாதது, என் இரண்டு நாத்தனார்களையும் சேர்த்து நீங்கள் ஒருத்தியாக்கி வைத்திருப்பது. போன் பண்ணிக் கேட்டதற்கு நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “பாட்டி, ரெண்டு பேருக்கும் நீங்க பேரே வைக்கல. பெரிய நாத்தனார், சின்ன நாத்தனார்னு மாத்தி மாத்தி வந்தா படிக்கிறவங்க குழம்பிடுவாங்க. வாழ்க்கைக் கதைல இப்படி ரெண்டு பேரை ஒண்ணாக்குறது வழக்கம்தான்” என்றீர்கள். ரெண்டு பேரோடவும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணினவளே குழம்பல, காலை நீட்டி உட்கார்ந்து படிக்கிறவங்களுக்கு என்ன குழப்பம் என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

பெரியவள் என் வீட்டுக்காரருக்கு அக்கா. புதுப்பெண்ணாக நான் தலையைக் குனிந்துகொண்டு வாசற்படி தாண்டியபோது, “இதுதானா?” என்று கேட்டவள். அவ்வளவுதான், ஒரே சொல். கடையில் நாம் கேட்ட பாத்திரத்தை விட்டு வேறொன்றை எடுத்துக் காட்டினால் கேட்போமே, அந்தக் குரல். உப்பு எங்கே, பால் பொங்குது என்பதற்கு மேல் இன்றுவரை நான் அவளிடம் பேசியதில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, டைபாய்டில் போனவர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னவளும் அவளே. சின்னவள் அவருக்குத் தங்கை. என் குடையை இரவல் வாங்கிப்போய்க் கம்பியை மடக்கிக்கொண்டு வந்தவள், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் என் சின்ன மகன் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, படுக்க வைத்தால் அவனுக்கு மூச்சு முட்டுகிறது என்று, கட்டின துணி மாற்றாமல் நாள்கணக்கில் அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். “நீங்க போய்ப் படுங்க அண்ணி, எனக்குத்தான் தூக்கமே வராதே” என்றாள். பொய். சாப்பிடும்போதே தூங்கி விழுகிறவள் அவள்.

உங்கள் புத்தகத்தில் ‘இதுதானா’ என்று கேட்டவளே என் பிள்ளையையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் வேறு, ‘இங்கேதான் இந்தப் பெண் முழு மனுஷியாகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவளை முழு மனுஷியாக்கித் தாருங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவே இல்லை.

இதனால் நடந்ததைக் கேளுங்கள். பேத்தி ஆசையாசையாக அந்த அத்தியாயத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் அனுப்பிவிட்டாள். பெரியவளுக்கு அவள் மருமகள் படித்துக் காட்டியிருக்கிறாள். “பாத்தியா, பிள்ளையைப் பிழைக்க வச்சது நான்தான்னு அவளே எழுதிட்டா. எனக்கே மறந்துபோச்சு” என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாளாம். என் மகனுக்குப் போன் பண்ணி, “உன்னைத் தூக்கி வச்சிருந்த கைடா இது” என்றிருக்கிறாள். அவனும் “தேங்க்ஸ் அத்தை” என்றிருக்கிறான், மடையன். அதுகூடப் போகட்டும். சின்னவள் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கிறாள். தினம் சாயங்காலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வருவாள், டீ குடிப்பாள், டீயைக் குறை சொல்வாள், போனவர்களைப் பற்றி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசுவோம். என் வீட்டுக்காரர் வாலிபத்தில் எப்படிச் சிரிப்பார் என்று தெரிந்தவர்களில் நான் வாய் திறந்து பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான். அந்த அத்தியாயம் போனில் வந்த நாளிலிருந்து அவள் வரவில்லை. ஆளனுப்பிக் கேட்டால் முழங்கால் வலியாம். அதே முழங்கால் தெருமுனை வரைக்கும் போய்க் காய்கறி வாங்கி வருவதை நான் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லாத சொல்லை அவள் வாயில் வைத்துவிட்டீர்கள் தம்பி. ரோஷக்காரி, எப்படி வருவாள்? பழக்கதோஷத்தில் இரண்டு தம்ளரில் டீ ஊற்றிவிட்டு, இரண்டாவதையும் நானே குடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அச்சுக்குப் போவதற்குள் இரண்டு பேரையும் பிரித்து, அவளவள் செய்ததை அவளவளிடமே கொடுத்துவிடவும். மழை வேண்டுமானால் பெய்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்காரரும் பேசட்டும், ஆசைதீரப் பேசட்டும். நாத்தனார்கள் மட்டும் எனக்கு இரண்டு பேராக வேண்டும். முடியாது என்றால் புத்தகமே வேண்டாம், கட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பரண்மேல் போட்டுக்கொள்கிறேன்.

நல்ல வெளிச்சமும் நோகாத கழுத்தும் உங்களுக்கு எப்போதும் அமையட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் சின்னவள் மாடியேறி வந்தாள். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டு, “உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் அண்ணி?” என்றாள். என்ன தெரியும் என்றேன். “இதுதானான்னு கேட்டது நான்தான்னு. அக்கா முன்னாடி நின்னா, நான் அவ முதுகுக்குப் பின்னாடி நின்னேன். நீங்க தலையே நிமிரல. சின்ன வயசு, வாய் அடங்கல. தெரிஞ்சும் இத்தனை வருஷம் டீ போட்டுக் கொடுத்துட்டு, கடைசில புத்தகத்துல போட்டுட்டீங்களே.” அன்றைக்கு எதிரில் நின்ற பெரியவளின் கால் மெட்டி வரைக்கும் என் ஞாபகத்தில் இருக்கிறது. முகம் இல்லை. குனிந்திருந்தேன் அல்லவா? உட்கார வைத்து டீ ஊற்றினேன், குடித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போயிருக்கிறாள். இனிமேல் போய்ப் பெரியவளிடம் பேச ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை, என்னவென்று ஆரம்பிப்பது? சின்னவளிடம் கோபித்துக்கொண்டால் மாடியேறி வர எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் தம்பி, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். நாத்தனார் ஒருத்தியாகவே இருக்கட்டும். அந்த ஒருத்திமேல் நான் எழுதியிருக்கிற கோபத்தில் மட்டும் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம்.