தலைமையாசிரியை நாற்காலியில் ஒரு மஞ்சள் சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் நலமா என்று தனியாகக் கேட்கிறேன். மற்றபடி நீ நலம்தான், ஃபோனில் திட்டுகிற குரலிலேயே தெரிகிறது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, என் கைப்பையில் ஒட்டியிருந்த "ஆசை" என்ற மஞ்சள் சீட்டை வெந்நீர் தொட்டு உரித்தேன். சீட்டு வந்தது, கூடவே பையின் தோலும் வந்தது. நேற்று எட்டாம் வகுப்புக்கு உலக வறுமை பற்றிப் பாடம். மனிதனுக்கு எது தேவை, எது வெறும் ஆசை என்று பிள்ளைகளே பிரிக்கட்டுமென்று பச்சைச் சீட்டில் "தேவை", மஞ்சளில் "ஆசை" என்று எழுதிக் கொடுத்து, "நல்லாப் பார்த்து ஒட்டுங்க"ன்னு சொன்னேன். நான் சொன்னது புத்தகத்திலுள்ள படங்களை. அதுங்க கிளம்பிப் போய்ப் பார்த்தது பள்ளிக்கூடத்தை. கோந்தும் மரம் ஒட்டுகிற கோந்து. ஆசிரியர் அறை சோபாவுக்கு மஞ்சள், தலைமையாசிரியையின் சுழல் நாற்காலிக்கு மஞ்சள், கணக்கு வாத்தியார் முதுகுக்கும் மஞ்சள். மனிதர் முதுகில் "ஆசை"யோடு பஸ் ஏறி வீடு வரை போயிருக்கிறார். அங்கே என்ன நடந்ததென்று இன்னும் வாய் திறக்கவில்லை.

இன்று சாயங்காலம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், நான் தேவையா ஆசையான்னு உங்க பிள்ளைங்க விவாதமே நடத்தினாங்களாமே. முடிவு என்ன?"

"இழுபறி மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "துணைத் தலைமைப் பதவிக்கு உங்க பேரைத்தான் அனுப்பலாம்னு இருக்கேன். நாளைக்கு காலைக் கூட்டத்துல, 'பிள்ளைங்க பாடத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

சரி என்று தலையாட்டிவிட்டு, சீட்டுகளைச் சுரண்ட ஆரம்பித்தேன். மாணவிகள் கழிப்பறைக் கதவில் மட்டும் பச்சைச் சீட்டு, தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில். தாழ்ப்பாள் போய் மாதக் கணக்காகிறதாம். ஆசிரியர்களுக்கு வேறு கழிப்பறை, எனக்கெங்கே தெரியும்? ஒட்டியவள் பின்னாலேயே நின்றாள், வகுப்பில் எல்லோரும் வக்கீலம்மா என்று கூப்பிடுகிற வாயாடி.

"டீச்சர், அதை உரிக்காதீங்க. உள்ள போகணும்னா வெளிய ஒருத்தி காவல் நிக்கணும். அதுக்குப் பயந்துக்கிட்டு நாங்க பாதிப் பேர் பகல்ல தண்ணியே குடிக்கறதில்ல. எங்கயோ இருக்கற பிள்ளைங்களுக்குக் கழிப்பறை இல்லன்னு நேத்து உச்சுக் கொட்டினோமே, இப்ப நாங்க எந்தப் பக்கம் டீச்சர்?"

"வீட்டுக்குப் போடி, நேரமாச்சு" என்றேன். பெரிய ஆசிரியைதான்! ஆனாலும் வழி முழுக்க மனசு நிறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் நடத்திய பாடம் ஒன்று வகுப்பைவிட்டு எழுந்து நடந்தது இதுதான் முதல் தடவை.

நீ கவலைப்படாதே. "கிடைக்கிற பதவியைக் கெடுத்துக்காதே" என்று நீ ஆயிரம் முறை சொன்னது நினைவிருக்கிறது. நாளை மேடம் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள், முழங்காலுக்குத் தைலம்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: மேலே எழுதியதை நம்பி யாரிடமும் பதவி வந்துவிட்டதாகச் சொல்லிவைக்காதே. நாளைக் கூட்டத்தில், பிள்ளைகள் பாடத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லப்போகிறேன், அந்தக் கதவையும் சேர்த்து. என் வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் தெரியாது. கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சொல்லி முடித்திருப்பேன். அதனால்தான் ஃபோன் செய்யவில்லை.