சிவப்புப் பொத்தானும் ஒரு பொன்னாடையும்

எனக்குப் பொன்னாடை ஆசை உண்டு. (இல்லை என்பவர்கள் இரண்டாவது பொன்னாடைக்குக் காத்திருப்பவர்கள்.) அது ஒருநாள் திருவனந்தபுரத்தில் நிறைவேறித் தொலைத்தது.

விழிஞ்ஞம் மீனவர்களுக்குக் கடல் சீற்றத்தை முன்கூட்டியே சொல்லும் செயலி ஒன்றை எழுதியிருந்தேன். நகரில் கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டில், மின்விசிறிக்கு அடியில், நாலே ஞாயிற்றுக்கிழமைகளில். குமரிக் கரையிலிருந்து விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கணவரைக் கடலில் பறிகொடுத்த ஸ்டெல்லா அக்கா, இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி, வேண்டாம் என்றவர்களோடு மல்லுக்கு நின்று, ஒவ்வொரு ஃபோனிலும் அதை ஏற்றினார். ஆகவே ஓர் அமைப்பு விருது கொடுத்து என்னை 'மனிதநேயத் தொழில்நுட்பத் தலைவர்' ஆக்கியது. விண்ணப்பத்தில் உதவியவர்கள் பகுதியில் பெருந்தன்மையோடு எழுதியிருந்தேன்: "உள்ளூர் உதவி: ஒரு பெண்."

அந்த ஒரு பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பொன்னாடை தோளில் ஏறியதும் புத்தி இறங்கிவிட்டது. செயலியை இயக்கிக் காட்டுகிறேன் என்றேன். அதில் பச்சைப் பொத்தான் சோதனைக்கு, சிவப்பு நிஜத்துக்கு. சிவப்பைத் தொடாதீங்கோ என்று அக்காவிடம் நூறு தடவை சொன்ன மகானுபாவன் நான்தான். ஆனால் பெரிய திரையில் பச்சை சோகையாகத் தெரிந்தது. சிவப்பை அமுக்கினேன்.

கைதட்டலுக்கு நடுவே கடைசி வரிசையில் அக்காவின் ஃபோனில் சைரன் அலறியது.

"சாரே! செவப்பையா அமுக்கினிய?"

"டெமோதானே அக்கா..."

"எந்து டெமோ! கடல்ல கெடக்க அத்தன வள்ளமும் வலையச் சுருட்டிட்டுத் திரும்புமே! இன்னைக்கு அவங்க வீட்டுல அடுப்பு எரியாண்டாமா?"

அக்கா வரிசையாக ஃபோன் போட்டார். ஒருவரும் கேட்கவில்லை. 'சைரன் அடிச்சா யாரு சொன்னாலும் நிக்காதிய, கரைக்கு வாங்க' என்று அவர்களைப் பழக்கியவரே அவர்தான்.

ஆட்டோவில் துறைமுகத்துக்கு ஓடினோம். வழியில் பொன்னாடையை மெல்ல உருவப் பார்த்தேன்.

"கழத்தாதிய சாரே. ஆளு யாருன்னு அவங்களுக்குத் தெரியாண்டாமா?"

மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஜரிகையும் விருதுக் கேடயமுமாக நின்றேன். வெறும் வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மலையாளத்திலும் தமிழிலும் திட்டினார்கள் (எனக்கு இரண்டும் சரளம், ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை). ஒரு பெரியவர் மட்டும் திட்டவில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "காத்து எவிடெ மோனே?" என்று காற்றைத் தேடிக் கேட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைய மீன்பாடு அவர்களுக்குப் போயே போச்சு.

இப்போது சிவப்புப் பொத்தான் அக்காவின் ஃபோனில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் அதே விருது அவருக்கே கிடைத்தது. விண்ணப்பத்தை அவரே நிரப்பியிருந்தார். விழாவில் எல்லார் முன்னிலும் வாசித்தார்கள்: "உள்ளூர் உதவி: ஒரு ஆண்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயரே கிடையாது. யாராவது என்னைத் தேடி ஃபோன் செய்தால், அம்மா சர்வ சாதாரணமாகச் சொல்கிறாள்:

"உள்ளூர் உதவியா? குளிச்சிண்டிருக்கான்."