தையலுக்கு விட்ட இடம்

அறிவியல் மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பு இவ்வாண்டு முதல் மின்னணு வடிவில் மட்டுமே வெளிவரும், ஒரு தாள்கூட அச்சிடப்படாது என்று அறிவிப்பு வந்தது. அதே அறிவிப்பின் கீழே, புத்தகமாகத் தைப்பதற்கு வசதியாக ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரம் நான்கு சென்டிமீட்டர் காலியாக விடப்பட வேண்டும் என்றும் இருந்தது.

கட்டுரைகளைக் கணினியில் பக்கம் கட்டித் தருகிறவள் அதை இரண்டு தடவை படித்தாள். வேலை தற்காலிகம். இந்தத் தொகுப்பை ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பயந்து பயந்துதான் மாநாட்டுச் செயலாளர் அறைக்குப் போனாள்.

"சார், புத்தகமே போடலையே. எதைத் தைக்கப் போறோம்?"

"தைக்கப் போறோம்னு யாரும்மா சொன்னா? தைக்க இடம் விடணும்னுதானே சொன்னோம்."

"இல்ல சார், தைக்காத இடத்தை எதுக்கு..."

"நாளைக்கு ஒருத்தர் வந்து ஏன் இடம் விடலைன்னு கேட்டா நீ பதில் சொல்லுவியா?"

அவள் பிறந்ததிலிருந்து யாருக்கும் பதில் சொன்னதில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"தையலுக்கு விடறது ரவிக்கைக்கு மட்டும்தான்னு நினைச்சிருந்தேன்டி" என்றாள் பக்கத்து மேசை அக்கா. அவளுக்கும் அதே வேலை, அதே தற்காலிகம்.

அன்று வந்தது எறும்பு ஐயாவின் கட்டுரை. வெயில் ஏறினால் எறும்பு வேகமாக நடக்குமா என்று இருபது வருடமாகப் பார்த்தவர். கொஞ்சம் வேகமாக நடக்கும் என்று கண்டுபிடித்திருந்தார். அதைக் காட்டும் வரைபடத்தில் ஒரு கோடு, தூங்குகிற பிள்ளை மாதிரி, லேசாகத் தலையைத் தூக்கிப் படுத்திருந்தது.

படம் தையலுக்கு விட்ட ஓரத்தை இடித்தது. தப்பு என்று கணினி சிவப்பு காட்டியது. மொத்தமாகச் சிறிதாக்கினால் எழுத்து சிறிதென்று மறுபடி சிவப்பு. கடைசியில், மூடாத பெட்டியை மேலே உட்கார்ந்து மூடுகிற மாதிரி, இரண்டு பக்கமும் பிடித்து அகலத்தை மட்டும் அமுக்கினாள். படத்தில் நசுங்கிய எழுத்துகளைத் திரும்ப அடித்தாள். பச்சை விழுந்தது. படுத்திருந்த கோடு ஏணி மாதிரி எழுந்து நின்றது. கோடு கோடுதானே என்று விட்டுவிட்டாள்.

மாநாட்டில் அந்தப் படம் சுவரில் விழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "வெயில்ல எறும்பு இந்த ஓட்டமா ஓடுது!" என்றார் தலைவர். ஒரே கைதட்டல். எறும்பு ஐயா மட்டும் வாயைப் பிளந்து சுவரைப் பார்த்தார்.

இடைவேளையில், அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளிடம் நேரே வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"படத்தை அமுக்கினது நீயாம்மா?"

"மன்னிச்சுடுங்க ஐயா. தையலுக்கு இடம் பத்தல."

"எண்ணெல்லாம்?"

"நீங்க குடுத்த எண்தான் ஐயா. ஒண்ணையும் தொடல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கொஞ்சம் அமுக்க முடியுமா?"

மறுநாள் மீன் ஐயா வந்தார், மழை அம்மா வந்தார், அவள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. விஷயம் செயலாளர் காதுக்கு எட்டியது. அவர் நேர்மையான மனிதர். முறைகேடாக யாரும் படத்தை அமுக்கக் கூடாது என்று உத்தரவிட்டு, தைக்கும் இடத்தைப் பத்து சென்டிமீட்டர் ஆக்கினார். விதிப்படி எல்லாப் படமும் தானே அமுங்கியது. எழுத்து வலது ஓரத்தில் ரிப்பன் மாதிரி இறங்கியது, வரிக்கு இரண்டு வார்த்தை. அறிவியல் கிடுகிடுவென்று மேலே போனது. போன வருடத் தொகுப்புகளில் அகலமான படம் போட்டிருந்தவர்களைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள்.

தொகுப்பு முடிந்தது. செயலாளர் கூப்பிட்டார்.

"உன்னை நிரந்தரம் பண்ணணும்னா மேலிடத்துக்கு ஒரு படம் வேணும். மாசாமாசம் எத்தனை பக்கம் கட்டினேன்னு கோடு போட்டுக் கொண்டா."

போட்டாள். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடியிருந்தது. கோடு படுத்துக் கிடந்தது. அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்து ஒரே அமுக்கு.

மேலிடம் அசந்துவிட்டது. இவ்வளவு வேகமாக வேலை செய்கிறவள் ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தி எதற்கு என்று பக்கத்து மேசை அக்காவை வீட்டுக்கு அனுப்பியது.

"சந்தோஷமா இருடி" என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது இரண்டு மேசை வேலையும் இவளுக்குத்தான். நிரந்தரமாக.